பேஜாருக்கும் பாஸ்போர்ட் உண்டு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடையொன்றில் டி-ஷர்ட் தொங்கியது. நெஞ்சுப் பக்கம் பிரெஞ்சு வாசகம். கூட வந்த கல்லூரிப் பையன் எழுத்துக்கூட்டி, 'செஸ்ட் லா வை' என்றான். "அப்படி இல்லப்பா, செ லா வீ. வாழ்க்கைன்னா அப்படித்தான்னு அர்த்தம்" என்றேன். கடைக்காரர் விடவில்லை. "இன்னா பண்றது, ஒரே பேஜாராக்கீதுன்னு சொல்றான். இத்த நம்மளே எழுதிக்கலாமே சார்!"

அவர் கிண்டலிலும் ஓர் அயல்மொழிச் சொல் இருந்தது. 'பேஜார்' பாரசீகச் சொல். சலித்துப்போன, வெறுத்துப்போன என்று பொருள். உருது வழியாக வந்தது. மூலத்தில் நடுவே வருவது 'ஸீப்ரா'வின் முதல் ஒலி. தமிழ் நாக்குக்கு அது பழக்கமில்லாததால் 'ஜ' வந்து உட்கார்ந்தது. 'மஜா'வில் ஒலிப்பதும் அதே 'ஜ'தான்.

பிரெஞ்சுக்காரர்கள் 'ஷ்வா த வீவ்ர்' என்பார்கள்: வாழ்வதில் உள்ள களிப்பு. ராயபுரத்தில் அதற்குக் 'குஜால்' போதும். பாரசீகத்தில் இது இரண்டு சொல்: 'குஷ்' என்றால் மகிழ்ச்சியான, 'ஹால்' என்றால் நிலை. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஒன்றாகிவிடும். திட்டுக்கும் இதே கதைதான். 'பே' என்றால் 'இல்லாத'. 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. 'பேமானி' என்பது நேர்மை கெட்டவன் என்ற முழுத் தீர்ப்பு.

உருது இங்கே எப்படி வந்தது? ஆற்காட்டு நவாப் வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். பட்டாளமும் பரிவாரமும் வணிகர்களும் பேசிய தக்னி உருது தெருவுக்கு இறங்கியது. 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. பிறகு துறைமுகமும் ஆலைகளும் வளர்ந்தன. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் ஒரே மூட்டையைத் தூக்கின. 'நைனா' என்று கூப்பிட்டு, 'நாஸ்தா துன்னியா' என்று கேட்டால் தெலுங்கு, பாரசீகம், தமிழ் மூன்றும் அதில் உண்டு.

கடல் கொண்டுவந்தவை தனி. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய செப்புக் காசின் பெயரே நம் 'துட்டு'. மலேசியாவில் இன்றும் பணத்துக்கு 'டூயிட்' என்பதும் இதே காசால்தான்.

விடியுமுன் காசிமேட்டுக்குப் போனால் 'கார்பே தியெம்' புரியும். ரோமக் கவி ஹொரேஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியது. இன்றைய பொழுதை இன்றே கொய்துகொள் என்பது கருத்து. ஐஸ் கரைகிறது, கூடையைச் சுற்றிக் கூட்டம், விலை ஏறுகிறது. வெயில் ஏறினால் மீன் விலை இறங்கும். அந்த 'ஏலம்'கூட 'லெய்லாவ்ங்' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழ் முதல் எழுத்தைக் கழற்றி, கடைசி மூக்கொலியை 'ம்' ஆக்கிக்கொண்டது.

'கஸ்மால'த்தைக் கேட்டு மூக்கைப் பொத்துகிறவர்கள் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைத் திறக்கட்டும். கலங்கி நின்ற அர்ஜுனனிடம் கண்ணன் பேசத் தொடங்கும் இடத்திலேயே 'கஸ்மலம்' வருகிறது. அங்கே அது மனத்தளர்ச்சி, குழாயடியில் திட்டு.

'செ லா வீ'யைப் பிழையாகப் படித்தால் வெட்கப்படுகிறோம். 'பேஜார்' என்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் செய்தது பிழை அல்ல. போர்த்துகீசிய 'ஜனேலா'வை ஜன்னலாகவும், 'ஷாவி'யைச் சாவியாகவும் மாற்றிய அதே வேலை. அவை வீட்டுக்குள் வந்ததால் மரியாதை பெற்றன, இவை தெருவில் நின்றதால் பெறவில்லை.

வடசென்னைப் பேச்சைக் 'கலீஜ் பாஷை' என்று யாராவது முகம் சுளித்தால் ஒன்று சொல்லுங்கள்: அந்தக் 'கலீஜ்' அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். வடசென்னையைத் திட்டவும் வடசென்னையிடம்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.