அடுப்பில் எரிவது எவ்வளவு? பானையைச் சேர்வது எவ்வளவு?

ஒரு வீட்டில் எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று வினவினால், நம்மில் பலர் மின்கட்டண அட்டையையே எடுத்துக் காட்டுவோம். ஆனால் அந்த அட்டையில் காணும் எண், குடும்பத்தின் முழுக் கணக்கு அன்று. அடுப்பில் எரியும் விறகும் சுள்ளியும் வறட்டியும் எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை. அவற்றைச் சேர்த்து எண்ணாமல் ஒரு வட்டாரத்தை மற்றொரு வட்டாரத்தோடு ஒப்பிடுவது பிழையிலேயே முடியும்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நோக்குவோம். விளக்கெரிக்க முதன்மையாக மின்சாரத்தைப் பயன்படுத்திய குடும்பங்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 93. பீகாரிலோ 16 மட்டுமே. அன்று பீகார்க் குடும்பங்களின் மின்செலவு குறைவாக இருந்ததைச் சிக்கனம் எனலாமா? ஒருபோதும் இயலாது. அது இல்லாமை. இல்லாமை வேறு, சிக்கனம் வேறு.

ஏழையின் அடுப்பே மிகுதியாய் எரிக்கிறது

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு நான்கு கிலோ விறகு எரிப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறத்தாழ 3,600 கிலோகலோரி வெப்பம் தரும். ஆக, நாள் ஒன்றுக்கு 14,400 கிலோகலோரி. மூன்று கல் கூட்டிய அடுப்பில் பானையைச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவே; அதாவது 1,440. எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது.

இதே சமையலை எரிவாயு அடுப்பில் செய்தால், வெப்பத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பாத்திரத்தைச் சேரும். 2,400 கிலோகலோரி, அதாவது சுமார் 220 கிராம் எரிவாயு போதும். 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல் வரும். உண்ணும் சோறு ஒன்றே. எரிக்கும் சக்தியோ ஆறு மடங்கு வேறுபடுகிறது. மிகுதியாய் எரிப்பவர் மிகுதியாய்த் துய்ப்பவர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

உழைப்பும் கணக்கில் சேர வேண்டும்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டி, கிராமங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பத்தை வளர்க்க 1974-இல் ‘அஸ்த்ரா’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதன் ஆய்வாளர்கள் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் கணக்கெடுத்தனர். விறகை மட்டுமன்றி, விறகும் தண்ணீரும் சுமக்கும் மனித உழைப்பையும் அளந்தனர். கிராமத்து எரிசக்தியில் பெரும்பங்கு விறகே என்பதும், அதில் மிகுதி சமையலுக்கே செல்கிறது என்பதும், அதன் சுமையில் பெரும்பகுதி பெண்கள், சிறுவர்கள் தோளில் விழுகிறது என்பதும் தெளிவாயின. பின்னர் அவர்கள் விறகு மிச்சமாகும் புகைபோக்கி அடுப்பு ஒன்றையும் உருவாக்கினர்.

வட்டாரத்திற்கு ஏற்ற அளவுகோல்

தட்பவெப்பத்தையும் மறத்தலாகாது. சென்னையில் அடுப்பிலிருந்து வெளியேறும் வெப்பம் வீண், வீட்டாருக்கு வேதனையுங்கூட. காஷ்மீரத்துக் குளிர்காலத்தில் அதே வெப்பம் குடும்பத்தைக் காக்கும். எனவே வட்டாரத்தின் குளிர், வெயில், வீட்டிலுள்ளோர் தொகை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டே ஒப்பிட வேண்டும்.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றன. எனினும் இணைப்புகளை எண்ணினால் மட்டும் போதாது. ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்க முடிகிறது என்பதே உண்மை அளவு. விலை கொடுக்க இயலாத வீட்டில் சிலிண்டர் மூலையில் நிற்க, விறகடுப்பு மீண்டும் புகையும்.

நம் வீட்டில் தொடங்குவோம்

ஒரு மாத காலம் முயன்று பாருங்கள். மீட்டர் எண்ணை வாரந்தோறும் குறித்து வையுங்கள். சிலிண்டர் மாற்றிய நாளை எழுதுங்கள். விறகெரிப்போர் ஒரு நாள் விறகை நிறுத்துப் பார்க்கட்டும். 75 வாட் மின்விசிறி நாளும் 12 மணி நேரம் சுழன்றால் மாதத்திற்கு 27 யூனிட். 30 வாட் புதுவகை விசிறிக்கு ஏறத்தாழ 11 யூனிட். பானையை மூடிச் சமைப்பதற்குச் செலவே இல்லை.

எழுதிய கணக்கைக் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து பாருங்கள். வீண் எங்கே என்பதோடு, அந்தச் சுமை வீட்டில் யார்மேல் விழுகிறது என்பதையும் அது காட்டும்.