கூரையிலே நுரை! வீட்டுக்கு விலங்கு!

வீடு சொந்தம். பத்திரம் கையிலே இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக் காலம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் கடனையும் அடைத்தாகிவிட்டது. ஆனால் அந்த வீட்டை விற்க முடியவில்லை. வாங்க முன்வருகிறவனுக்குப் பாங்கி கடன் கொடுக்க மறுக்கிறது.

ஏன்? பங்காளித் தகராறா? இல்லை. கோர்ட்டு வழக்கா? இல்லை. பத்திரத்திலே பிழையா? அதுவும் இல்லை. கூரைக்கு அடியிலே ஒட்டிக்கொண்டிருக்கும் நுரைதான் காரணம்! எந்த வில்லங்கச் சர்டிபிகேட்டிலும் தெரியாத வில்லங்கம் இது!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிரிட்டனிலே நடந்துகொண்டிருக்கும் கதை இது. பிபிசி நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட செய்தியின்படி, அந்நாட்டிலே இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் இந்த நுரை இருக்கிறது. வீட்டு அடமானக் கடன் கொடுக்கும் பெரிய நிறுவனங்களில் நான்கில் ஒரு பங்கு, கூரையிலே நுரை உள்ள வீட்டின்மீது கடனே தருவதில்லை.

சீமையிலே நடப்பது நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கும் தமிழர்கள் ஏராளம், அது ஒன்று. உழைத்துச் சேர்த்த ஒரே சொத்தை ஒரு தொழிலாளி எப்படியெல்லாம் இழக்க நேருகிறது என்பதை எந்த நாட்டிலே கண்டாலும் நாம் அறிந்துகொள்ள வேண்டும், அது மற்றொன்று.

குளிர் தந்த தொல்லை

அங்கே குளிர் கொடியது. வீடுகளோ பழையவை. விக்டோரியா மகாராணி காலத்திலே கட்டிய வரிசை வீடுகளிலே இன்றும் லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. கூரைக்குத் தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், வீட்டைச் சூடாக்கச் செலவழிக்கும் காசிலே ஏறத்தாழக் கால்பங்கு கூரை வழியாகப் போய்விடுகிறது என்கிறார்கள். எரிவாயு விலை ஏறியபோது இந்தக் கால்பங்கு ஏழையின் கழுத்தை இறுக்கியது.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. பரணின் தரையிலே கம்பளம்போல் கனிமப் பஞ்சை விரிப்பது. 270 மில்லிமீட்டர் கனத்துக்கு விரித்தால் போதும். செலவு குறைவு. வேண்டாமென்றால் சுருட்டி எடுத்துவிடலாம். எந்தக் கடன்காரனும் அதற்கு ஆட்சேபணை சொன்னதில்லை.

ஆனால் பஞ்சிலே கொள்ளை லாபம் கிடைக்குமா? அப்போதுதான் வந்தது நுரை!

நுரை செய்யும் வேலை

இரண்டு திரவங்கள். இரண்டும் துப்பாக்கி போன்ற ஒரு குழாயின் முனையிலே கலக்கின்றன. பீச்சியடித்தவுடன் பல மடங்கு பொங்கி, ஓட்டின் அடிப்பக்கத்திலும் கைமரத்திலும் ரீப்பரிலும் ஒட்டிக்கொள்கின்றன. 'ஸ்பிரே ஃபோம்' என்பது அதன் பெயர். அடிக்கிறவன் மூச்சுக் கவசம் போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும். அவ்வளவு நச்சுள்ள சரக்கு அது, உறையும் வரையில்.

இதிலே இரண்டு வகை. ஒன்று கடற்பஞ்சுபோல் மெத்தென்றிருப்பது. மற்றொன்று கல்போல் இறுகிப்போவது. இரண்டாவது வகை ஓட்டையும் மரத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டிவிடுகிறது. பிறகு ஒரு ஓடு உடைந்தால், அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுவது பெரும்பாடு.

கூரை வேலை அறிந்த தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை: மரம் காற்றோட்டத்திலே வாழ்வது. இறவாரத்தின் வழியாகக் காற்று புகுந்து முகட்டின் வழியாக வெளியேறினால், மரம் நனைந்தாலும் காய்ந்துவிடும். சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் ஆவி மேலே கிளம்புகிறது. குளிர்ந்த மரத்தைத் தொட்டதும் நீர்த்துளியாகிறது. காற்று வந்தால் காயும். நுரை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரம் தங்கினால் மரம் இற்றுப்போகும். கைமரம் இற்றுப்போனால் கூரை நிற்குமா?

எல்லா வீட்டிலும் இப்படி நடந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கூரையை முதலிலே சோதித்து, ஈரக் கணக்குப் போட்டு, காற்றுக்கு வழி விட்டு, பழகிய கை செய்தால் நுரையும் நல்லபடியாக இருக்கலாம் என்று அந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மரத்தையே நுரை மூடி மறைத்துவிட்டதே! இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

பாங்கிக்காரன் கணக்கு

வீட்டின்மீது கடன் கொடுப்பவன் வாங்குகிறவனின் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. தவணை நின்றுபோனால் வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்திலே கொடுக்கிறான். ஆகையால் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறான். அவர் பரணிலே ஏறி டார்ச்சு அடித்துப் பார்க்கிறார். மரம் தெரிந்தால் மதிப்புப் போடுவார். நுரைதான் தெரிகிறது என்றால்? நாளை மரம் இற்றிருப்பது தெரியவந்தால் பழி தம் தலையிலே விழும் என்று அஞ்சுகிறார். பார்க்க முடியவில்லை என்று எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரி போதும். கடன் இல்லை என்று பாங்கி கைவிரித்துவிடுகிறது.

ஏற்கெனவே கொடுத்த கடனைப் பாங்கி திருப்பிக் கேட்பதில்லை. சங்கடம் வருவது மூன்று சமயங்களில்.

முதலாவது, வீட்டை விற்கும்போது. வாங்குகிறவர்களிலே பெரும்பாலோர் கடனை நம்பித்தான் வருகிறார்கள். கடன் இல்லையென்றால் அவர்களும் இல்லை. ரொக்கமாக வாங்குகிறவன் வருவான். வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பான்.

இரண்டாவது, கடனை வேறு பாங்கிக்கு மாற்றும்போது. அந்நாட்டிலே இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று வட்டியை நிலையாக வைத்துக் கடன் தருவது வழக்கம். கெடு முடிந்ததும், குறைந்த வட்டி தருகிற இடம் தேடிப் போவார்கள். இங்கிலாந்து பாங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவிகிதம், 2023 ஆகஸ்டில் 5.25 சதவிகிதம்! வட்டி விஷம்போல் ஏறிய அந்த நேரத்திலே, கூரையிலே நுரை வைத்திருந்தவனுக்குப் பல கதவுகள் மூடிக்கொண்டன. பழைய பாங்கி சொன்னதுதான் வட்டி. அது கொடுத்ததுதான் கடன்.

மூன்றாவது, முதுமையிலே. 55 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலே குடியிருந்தபடியே அதன் மதிப்பிலே ஒரு பகுதியைப் பணமாகப் பெறும் கடன் ஒன்று அங்கே உண்டு. மருந்துக்கும் மாத்திரைக்கும் பென்ஷன் போதாத கிழவர்களுக்கு அதுதான் கடைசி ஊன்றுகோல். நுரை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதிலே இந்தக் கடன்காரர்கள்தாம் முன்னணியில் நிற்கிறார்கள்.

நாற்பது ஆண்டு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். குளிர் குறையும் என்று நம்பிச் சேமிப்பை எடுத்து நுரை அடித்துக்கொண்டான். அவன் செய்த குற்றம் என்ன? குளிருக்கு அஞ்சியது குற்றமா? சர்க்கார் சொன்னதை நம்பியது குற்றமா?

சர்க்கார் கொடுத்த தைரியம்

ஆம், சர்க்கார் சொன்னதைத்தான்! 2020 செப்டம்பரிலே இங்கிலாந்திலே 'கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். செலவிலே மூன்றில் இரண்டு பங்கை சர்க்கார் தரும். 5,000 பவுண்டு வரை. வருவாய் குறைந்த குடும்பத்துக்கு முழுச் செலவும்; 10,000 பவுண்டு வரை. நுரையும் அந்த மானியத்துக்குள்ளே அடங்கியது.

ஆறு லட்சம் வீடுகளைச் சீராக்குவோம் என்று முழங்கினார்கள். 2021 மார்ச் 31-ஆம் தேதி கடையைக் கட்டிவிட்டார்கள்! அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, சீராகும் வீடுகள் ஏறத்தாழ 47,500. ஒதுக்கியது 150 கோடி பவுண்டு. செலவானது ஏறத்தாழ 31 கோடி. அதிலே 5 கோடி நிர்வாகச் செலவு!

மானியம் என்ற சொல் காதிலே விழுந்ததும் கதவு தட்டும் ஏஜெண்டுகள் கிளம்பினார்கள். சர்க்கார் அங்கீகாரம் என்றார்கள். இருபத்தைந்து ஆண்டு காரண்டி என்றார்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளாகப் பார்த்துப் போனார்கள். பின்னாலே பாங்கி கைவிரிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பலர் சொல்லவில்லை. வேலை முடிந்தது, பணம் வாங்கினான், கம்பெனியைக் கலைத்தான். காரண்டிக் கடுதாசி மட்டும் வீட்டுக்காரன் கையிலே!

இரண்டாவது கொள்ளை

கதை இத்தோடு முடியவில்லை. நுரையால் ஆபத்து என்ற செய்தி பரவியதும் மறுபடியும் போன் மணி அடித்தது. உங்கள் கூரையிலே நுரை இருக்கிறதாமே, இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்றார்கள். சோதிக்க வந்தவன் மரம் இற்றுவிட்டது என்று பயமுறுத்துவான். நுரையைச் சுரண்டி எடுக்க ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்பான். ஒட்டுவதற்கு ஒரு கூலி. உரிப்பதற்கு ஒரு கூலி! இறுகிய வகையானால் ஓடும் ரீப்பரும் உடைந்து, கூரையையே மாற்ற வேண்டிய நிலையும் வருவதுண்டு.

புண்ணை உண்டாக்கியவனே மருந்தையும் விற்க வருகிறான் என்றால், இதற்கு வியாபாரம் என்று பெயரா?

எரிந்த கட்டடம் சொன்ன பாடம்

இது புதிய பாடமும் அல்ல. 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனிலே கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 72 உயிர்கள் மாண்டன. கட்டடத்துக்கு வெளிப்புறம் போர்த்திய தகடும், அதற்குள்ளே வைத்த நுரைப் பலகையும் தீயைத் தூக்கிக்கொண்டு ஓடின. அதன் பிறகு என்ன நடந்தது? எரியும் போர்வை போர்த்திய அடுக்குமாடி வீடுகளுக்குக் கடன் தர மாட்டோம் என்றன பாங்கிகள். மதிப்புப் பூஜ்யம் என்று எழுதினார்கள். சரக்கைச் செய்தவன் வேறு, ஒட்டியவன் வேறு, சம்மதித்த அதிகாரி வேறு. வீட்டிலே சிக்கிக்கொண்டவனோ குடியிருந்தவன்!

கூரையிலும் அதே கதை. சுவரிலும் அதே கதை. சர்க்கார் திட்டங்களின்கீழ் வெளிச்சுவருக்குக் குளிர்த்தடுப்பு ஒட்டிய வீடுகளிலே 98 சதவிகிதத்தில் பெரிய கோளாறு இருப்பதாக 2025 அக்டோபரிலே தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. நூற்றுக்கு இரண்டுதான் தேறியது!

நாம் கேட்பது

பாங்கி தன் பணத்தைக் காத்துக்கொள்வது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நுரை என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், கூரையைப் பார்க்காமலே கதவைச் சாத்துவது நியாயமா என்று கேட்கிறோம். 2023-ஆம் ஆண்டிலேயே, நுரை அடித்த கூரையை எப்படிச் சோதிப்பது என்று அந்நாட்டுக் கட்டடப் பாதுகாப்பு நிபுணர்களின் சங்கம் ஒரு முறையை வகுத்து வெளியிட்டது. அந்த முறைப்படி சோதித்து, நல்ல கூரைக்குக் கடன் கொடு என்கிறோம். கெட்ட கூரையானால் சீராக்கும் செலவை மானியம் கொடுத்த சர்க்காரும் லாபம் பார்த்த கம்பெனியும் ஏற்கட்டும் என்கிறோம். குளிருக்கு அஞ்சிக் கையெழுத்துப் போட்டவன் ஏன் ஏற்க வேண்டும்?

அங்கே வாழும் உற்றார் உறவினருக்குத் தோழர்கள் எழுதும்போது இந்தச் சேதியையும் சொல்லுங்கள்.

கதவு தட்டி வருகிறவனிடம் அன்றே கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாலும், வீட்டுக்கு வந்து செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்து செய்யச் சட்டத்திலே பொதுவாக இடம் உண்டு. கிரெடிட் கார்டிலே பணம் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள வேலைக்கு, 1974-ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி கார்டு கொடுத்த பாங்கியையும் பொறுப்பாளியாக்கலாம். கூரையிலே கை வைக்கும் முன் கடன் கொடுத்த நிறுவனத்தை எழுத்திலே கேள். நுரை ஏற்கெனவே இருந்தால் பயந்துபோய் உரிக்காதே. உரிப்பதிலே காசு பார்க்காத ஒரு சர்வேயரை வைத்து முதலில் சோதி. ரசீதையும் காரண்டியையும் வேலைக்கு முன் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்து.

தொழிலாளிக்கு வீடு என்பது லாபம் பார்க்கும் சரக்கு அல்ல. வேலை ஓய்ந்த பிறகு தலை சாய்க்க இருக்கும் ஒரே இடம். பிள்ளைகளுக்கு விட்டுப்போக இருக்கும் ஒரே பொருள். கூரை அவனுடையது, குளிரும் அவனுடையது, கடனும் அவனுடையது. லாபம் மட்டும் வேறொருவனுடையது என்றால், அந்தக் கணக்கைத் திருத்தியே ஆக வேண்டும்!