மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல், லண்டன்

மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் என்பது லண்டன் மாநகரில், செயின்ட் பாங்க்ராஸ் தொடர்வண்டி நிலையத்தின் முகப்பாக அமைந்துள்ள கோதிக் மறுமலர்ச்சிப் பாணிக் கட்டடம் ஆகும். 1873-இல் பயணிகள் விடுதியாகத் திறக்கப்பட்ட இது, பின்னர் இரயில்வே அலுவலகமாகி, அதன்பின் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2011-இல் கீழ்த்தளங்கள் மீண்டும் விடுதியாகவும், மேல்தளங்கள் தனியார் வீடுகளாகவும் மாறின. பழைய பொதுக் கட்டடம் ஒன்று இடிபடாமல் குடியிருப்பாக மாறுவதால் விளையும் நன்மை, இழப்பு இரண்டுக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

கோதிக் பாணி

கூர்முனை வளைவுகள், உயர்ந்து குறுகிய சாளரங்கள், வானை நோக்கிய கோபுரங்கள் ஆகியவை கோதிக் பாணியின் அடையாளங்கள். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களில் வளர்ந்த இப்பாணி, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. நீதிமன்றம், கல்லூரி, நிலையம் எனப் பல பொதுக் கட்டடங்கள் இப்பாணியில் எழுந்தன.

தோற்றம்

மிட்லண்ட் இரயில்வே நிறுவனம் 1868-இல் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தைத் திறந்தது. வில்லியம் பார்லோ வடிவமைத்த அதன் இரும்புக் கூரை, நடுவில் தூணே இல்லாமல் ஏறத்தாழ 73 மீட்டர் அகலத்தை மூடி நிற்கிறது. அதன் முன்னே எழ வேண்டிய விடுதிக்கு நடந்த போட்டியில் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வென்றார். சிவப்புச் செங்கல், கல் வேலைப்பாடு, மணிக்கூண்டு, வளைந்தேறும் பெரும் படிக்கட்டு ஆகியவற்றுடன் விடுதி 1873 மே 5 அன்று திறக்கப்பட்டது. முழுப் பணியும் 1876-இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 300 அறைகள் இருந்தன.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்தையும் ராஜாபாய் மணிக்கூண்டையும் வடிவமைத்தவரும் இதே ஸ்காட்தான்.

வீழ்ச்சி

கட்டடத்தின் வலிமையே அதன் குறையாயிற்று. தீப்பிடிக்காமல் இருக்கத் தளங்கள் தடித்த கான்கிரீட்டால் கட்டப்பட்டன. அவற்றைத் துளைத்துத் தண்ணீர்க் குழாய் கொண்டுசெல்வது கடினம். ஆகவே, புதிய விடுதிகளில் அறைக்கொரு குளியலறை வந்தபோது, இங்கே முழு விடுதிக்கும் ஒருசில குளியலறைகளே இருந்தன. பணியாளர்கள் அறைதோறும் வெந்நீரும், கணப்பு அடுப்புக்கு நிலக்கரியும் சுமந்து சென்றனர். செலவு கூடி, வருவாய் குறைந்து, 1935-இல் விடுதி மூடப்பட்டது. அதன்பின் இரயில்வே அலுவலகமாகப் பயன்பட்டது.

இடிப்பிலிருந்து மீட்பு

அருகிலுள்ள யூஸ்டன் நிலையத்தின் புகழ்பெற்ற நுழைவு வளைவு 1961–62-இல் இடிக்கப்பட்டது. செயின்ட் பாங்க்ராஸுக்கும் அதே நிலை வரவிருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன், கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர், விக்டோரியன் சங்கத்தினர் ஆகியோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1967-இல் அரசு இதனை முதல் தரப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. ஆயினும் அறிவிப்பு இடிப்பைத்தான் தடுக்கும். கூரை ஒழுகினால் பழுதுபார்க்கப் பணம் தராது. 1980-களில், தீப் பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்ய இயலாமல், அலுவலகமும் காலி செய்யப்பட்டது.

வீடாக மாறியமை

2007-இல் ஐரோப்பாவுக்குச் செல்லும் யூரோஸ்டார் தொடர்வண்டிகள் இந்நிலையத்துக்கு வந்தன. அதனால் இடத்தின் மதிப்பு உயர்ந்து, முன்புறக் கட்டடத்தைச் சீரமைக்க முதலீடு கிடைத்தது. விடுதிக்கான பெரும்பாலான அறைகள் பின்புறம் எழுப்பிய புதிய பகுதியில் அமைந்தன. பழைய கட்டடத்தின் மேல்தளங்களில் 67 வீடுகள் உருவாகி, தனியாருக்கு விற்கப்பட்டன. மணிக்கூண்டுக்குள்ளும் ஒரு வீடு உண்டு. ஒரு காலத்தில் பணியாளர்கள் தங்கிய உச்சித் தளங்கள் இன்று விலையுயர்ந்த வீடுகளாகிவிட்டன. 2011 மே 5 அன்று, முதல் திறப்பு விழாவுக்குச் சரியாக 138 ஆண்டுகளுக்குப் பின், விடுதி முறைப்படி மீண்டும் திறக்கப்பட்டது.

வீட்டை விலைக்கு வாங்கியவர்கூட விருப்பம்போல் சுவரை இடிக்கவோ சாளரத்தை மாற்றவோ முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கு, உள்ளே செய்வதானாலும், உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும்.

நன்மையும் இழப்பும்

குடியிருப்பவர் இருந்தால் கட்டடம் உயிரோடு இருக்கும். கூரை பழுதுபார்க்கப்படும், விளக்கு எரியும். பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் நேர்ந்த சிதைவு இதற்குச் சான்று. மறுபுறம், கதவு தனியாருடையதாகிவிடுகிறது. தெருவில் செல்வோர் முகப்பைக் காணலாம். மணிக்கூண்டின் உள்ளே ஏற முடியாது.

செயின்ட் பாங்க்ராஸில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி பின்பற்றப்பட்டது. நிலையம் பொதுமக்களுக்கு உரியதாகவே உள்ளது. பழைய பயணச்சீட்டு அலுவலகம் உணவும் பானமும் வழங்கும் கூடமாகியுள்ளது. மேல்தளங்கள் மட்டுமே வீடுகள். பழைய கட்டடம் ஒன்றை மாற்றும் திட்டம் வரும்போது, எந்தப் பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கும், எது மூடப்படும், பராமரிப்புச் செலவை யார் ஏற்பார் என்ற மூன்று கேள்விகளையும் முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது.