அதிகாலை பில் நேற்றைய தேதியில் விழுவது ஏன்?

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் என் மாமா கமிஷன் கடை வைத்திருக்கிறார். மல்லிகை, கனகாம்பரம், சம்பங்கி என்று விவசாயிகள் விடியும் முன்பே வந்து விடுவார்கள். நோட்டில் எழுதிக் கொண்டிருந்த மாமாவுக்கு நான் ஒரு சிறிய ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். செல்போனில் எடையை என்டர் செய்தால் இன்டர்நெட் வழியாக சர்வரில் பதிவாகும். பிறகு அன்றைய விலையைக் கொடுத்தால், அந்தத் தேதியில் உள்ள எல்லா சீட்டுகளுக்கும் தொகை போட்டு விடும். பட்டுவாடா வாரம் ஒரு முறை.

இரண்டாவது வாரமே ஒரு விவசாயி சீட்டுகளுடன் வந்து நின்றார். முகூர்த்த நாளன்று அவர் கொண்டு வந்த மல்லிகைக்கு முந்தைய நாள் விலை போட்டிருந்தது. முதல் நாள் கிலோ 400 ரூபாய், முகூர்த்தத்தன்று 900 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 8 கிலோவுக்கு 4,000 ரூபாய் போய் விடும். கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று நம்பிய மாமா முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டார். தப்பு என்னுடையது.

பெரும்பாலான கிளவுட் சர்வர்கள் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதாவது நமக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிய நாள் பிறக்கும்போது, சர்வரில் முந்தைய நாள் 18:30 மணிதான் ஆகியிருக்கும். காலை 5:30 வரை அதற்கு நேற்றுதான். நான் பகலில் மட்டும் சோதித்துப் பார்த்தேன். பகலில் இரண்டு தேதியும் ஒன்றாகவே இருக்கும். அதனால் பிழை கண்ணில் படவே இல்லை.

சர்வர் கடிகாரத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றி விடலாமே என்று பலர் செய்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாளை வேறு சர்வருக்கு மாறினால் பழைய கதைதான். நேரத்தை யு.டி.சி.யிலேயே சேமியுங்கள். இது எந்தத் தேதி என்று கணக்கிடும் இடத்தில் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். நான் அப்படித்தான் திருத்தி, பழைய சீட்டுகளுக்கு மறுகணக்கு போட்டேன். குறைவாக வாங்கியவர்களுக்கு மீதி கிடைத்தது. அதிகம் வாங்கியவர்களிடம் மாமா திருப்பிக் கேட்கவில்லை.

பிறந்த தேதி விஷயம் இதற்கு நேர் எதிர். ஜாவாஸ்கிரிப்டில் 15-06-1996 என்று தேர்வு செய்தால், பல காலண்டர்கள் அதை நம் ஊர் நள்ளிரவாக எடுத்துக் கொள்ளும். சர்வருக்கு அனுப்பும்போது அது 14-06-1996, 18:30 ஆகி விடும். நேரத்தை வெட்டி விட்டுத் தேதியை மட்டும் சேமித்தால் ஒரு நாள் குறைந்து போகும். பிறந்த தேதிக்கு நேரமே தேவையில்லை. ஜாவாவில் 2014ல் வந்த 8ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே லோக்கல்டேட் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு டெம்போரல் என்ற புதிய வசதி, 2025ல் பயர்பாக்ஸ் 139ல் வந்தது. உங்கள் டேட்டாபேஸில் 18:30 என்ற நேரம் வரிசையாகத் தெரிந்தால் இந்தக் கோளாறைச் சந்தேகியுங்கள்.

எப்போதும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் போதாதா? இன்றைய இந்தியாவுக்குப் போதும். இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதம் கடிகாரத்தை ஆறரை மணிக்கு நகர்த்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்குக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தார்கள். 1998ல் கொழும்பில் பதிவான நேரத்துக்கு ஐந்தரையைக் கூட்டினால் அரை மணி நேரம் தவறும். எனவே எண்ணுக்குப் பதில் ஏசியா/கொழும்பு, ஏசியா/கொல்கத்தா என்று ஊர்ப் பெயரைக் கொடுங்கள். இந்த மாற்றங்கள் எல்லாம் டைம்ஜோன் டேட்டாபேஸில் உள்ளன. பைத்தான் 3.9 முதல் அதைப் படிக்கும் ஜோன்இன்ஃபோ மாட்யூல் கூடவே வருகிறது.

அந்த டேட்டாபேஸில் ஒரு வேடிக்கை. கொல்கத்தா என்ற பெயரின் கீழ், 1906 ஜனவரி 1க்கு முன் இருப்பது நம் மெட்ராஸ் நேரம்: 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. தேதி தெரியாத இடத்தில் 01-01-1900 என்று நிரப்பி வைப்பவர்கள், 8 நிமிடம் 50 விநாடி எங்கே போனது என்று தலையைப் பிய்த்துக் கொள்வது இதனால்தான்.

ப்ரோகிராம் எழுதாதவர்களும் இதைச் சரிபார்க்கலாம். பில்லிங் சாப்ட்வேரில் இருந்து எக்ஸெலில் இறக்கிய ரிப்போர்ட்டில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால், பக்கத்துக் காலத்தில் டைம் பங்ஷனால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்; தேதியும் சேர்ந்து மாறும். வாங்கும் முன்பே சோதிக்க விரும்பினால், ஒரு நாள் காலை 5:25க்கு ஒரு பில், 5:35க்கு ஒரு பில் போடுங்கள். அன்றைய ரிப்போர்ட்டில் இரண்டும் வருகிறதா என்று பாருங்கள்.