விபத்து: "யார்?" என்று கேட்பதா, "ஏன்?" என்று கேட்பதா?



நம்ம பக்கம் பயர் ஆபீஸில் தீப்பிடித்தால் மறுநாள் எல்லாரும் சொல்லும் ஒரே வார்த்தை "கவனக்குறைவு". போன தீபாவளிக்கு முன்னால் என் அத்தைக்கு வலது கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவங்க எல்லாரும் "பார்த்து செய்யக் கூடாதா?" என்றுதான் கேட்டார்கள். 18 வருஷமா அதே வேலை பார்க்கிறவங்க, பார்க்காமலா செய்வாங்க?

ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தவறு நடந்தால் "ஏன்?" என்று ஐந்து தடவை கேட்பார்கள். அங்கே வேலை பார்த்த தாயிச்சி ஓனோ என்பவர் சொன்ன உதாரணம் இது. மெஷின் ஏன் நின்றது? லோடு அதிகமாகி பியூஸ் போனது. லோடு ஏன் அதிகமானது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருக்கிறது. முதல் கேள்வியோடு விட்டிருந்தால் புது பியூஸ் மாட்டியிருப்பார்கள், அதுவும் போயிருக்கும்!

அத்தையிடம் நானும் அப்படியே கேட்டுப் பார்த்தேன். காலையில் தட்டை எடுத்ததும் ஏன் பற்றியது? அது முதல்நாள் மீந்த மருந்து. (அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடாகும் என்று அறிவியல் சார் சொன்னார். அதனால்தான் கலந்த மருந்தை அன்றைக்கே முடிக்கணும், மீந்தால் அழிக்கணும்.) ஏன் மீந்தது? தீபாவளி ஆர்டருக்காக நிறைய கலந்தார்கள், சாயங்காலம் மழை வந்து வேலை நின்றது. ஏன் அழிக்கவில்லை? பீஸ் ரேட் கூலி, வெடியாக ஆனால்தான் காசு. போர்மேன் பார்க்கலையா? பல ஷெட்டுக்கு அவர் ஒருத்தர்தான். கடைசியில் அத்தை, "இதையெல்லாம் யாரும் எங்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார்கள்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் ஆளைக் காப்பாற்றணும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓடக் கூடாது. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவி செய்ய ஓடிப்போனவர்களும் அதில் உண்டு. அப்புறம், இடத்தைக் கழுவிவிடும் முன்னாடியே பார்த்து எழுதணும். பார்த்தவர்களைத் தனித்தனியாகக் கேட்கணும். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். லேசாகப் பொறி பறந்து அணைந்தால்கூட எழுதி வைக்கணும். "ஒண்ணும் ஆகலையே" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, ஒருவர் இறந்தால் தகவல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் விசாரிக்கணும் என்று இருந்தது. கை வெந்ததற்கெல்லாம் யார் வந்து விசாரிக்கிறார்கள்?

அத்தைக்குக் கட்டு பிரித்தாச்சு. பெருவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. அடுத்த மாதம் வேலைக்குப் போகிறார்கள். போர்மேனிடம் கேட்க என் நோட்டில் ஒரு கேள்வி எழுதச் சொன்னார்கள்: "மழை வந்து வேலை நின்னா, கொட்டி அழிக்கிற மருந்துக்கும் கூலி உண்டா?"