காய்ச்சல் விடும் நாளில்தான் கவனம் வேண்டும்

வயல் செய்த நமது மக்களுக்கு மலேரியா தெரிந்த நோய். இலங்கை அதிலிருந்து விடுபட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்கு அப்படியன்று. 1989இல் இரத்தப்பெருக்குக் காய்ச்சலாகப் பரவிய அது, மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறது. 2017இல் 186,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 400 பேருக்கு மேல் இறந்தனர். கொழும்பும், பேலியகொடை அடங்கிய கம்பஹா மாவட்டமும் பெரிதும் பாதிக்கப்பட்டன.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். வயல் நீரைத் தேடாது. தண்ணீர்ப் பீப்பா, தறப்பாள் மடிப்பு, சிரட்டை, பழைய டயர், கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் சாகா. ஆகவே வாரம் ஒருமுறை பீப்பாவை வெறுமையாக்கி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, இறுக மூட வேண்டும்.

டெங்கு வைரசு நான்கு வகை. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகலாம்.

மூன்றாம் நாளுக்குப் பின் காய்ச்சல் தணிந்ததும் "பிள்ளைக்குச் சுகம்" என்று இருந்துவிடக் கூடாது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான நேரம் அதுவே. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தம், கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், உரிய அளவில் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்க வேண்டாம்.

நெருங்கி வாழும் இடத்தில் நம் பீப்பாவில் பிறக்கும் நுளம்பு அயல்வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். அதைக் கழுவி மூடுவதும் அயலவரை நேசிப்பதே.