சாயத்துக்குள் ஒளியும் விரிசல்

சிடாம் கிரி வட்டாரத் தோட்டத் தோழர்களே! உரமும் மண்ணும் அள்ள, முன்னால் பக்கெட் பூட்டிய சின்ன டிராக்டரை நாம் அறிவோம். அதன் இரும்புக் கை விரிந்தால், “மேலே ரெண்டு வெல்டிங் வச்சாச் சரியாப் போச்சு” என்போம். சரியாகாது!

இரும்பும் களைத்துப்போகும். பாரம் ஏறி இறங்க, வண்டி மேடுபள்ளத்தில் குலுங்க, வெல்டிங் ஓரத்தில் மயிரிழையாக விரிசல் தொடங்கும். மேலே பூசிய வெல்டிங்குக்கு அடியில் அது அப்படியே இருந்து வளரும்.

சின்ன வெல்டிங்தானே என்பவர்கள் கேளுங்கள். 1980 மார்ச் 27-இல் வடகடலில், எண்ணெய்த் தொழிலாளர் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலண்ட் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் தொடங்கிய விரிசலே காரணம். அதற்குள் சாயம் இருந்தது. கட்டும்போதே விரிந்ததன் மேல் சாயம் அடித்திருக்கிறார்கள்!

ஆகவே தினமும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, சேற்றைக் கழுவி, மூலைகளைப் பாருங்கள். சாயத்தில் துருக்கோடு தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். விரிசலை அடிவரை தேய்த்தெடுத்த பிறகே, ஈரமில்லாத கம்பியால் வெல்டிங் வைக்க வேண்டும். உதிரிப் பழம் பொறுக்கும் நம் பெண்களானாலும் சரி, யாரும் தூக்கிய பக்கெட்டின் கீழே போகக்கூடாது.

மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லுங்கள். சொல்லியும் கவனிக்கலையா? உடனடி ஆபத்துள்ள வேலையை விட்டு விலகும் உரிமை, 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தத்தால் 2024 ஜூன் 1 முதல் நமக்கு உண்டு. ஒருநாள் சம்பளத்தை எண்ணி வாய்மூடி இருக்கலாமா? சிந்திப்போம்!